‘போர்டு போச்சு’ என்று சொல்லாத கடை

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “வேணாம்க்கா, நான் ஒருத்தன்தான் இருக்கேன். கூட்டம் வந்தா எல்லாருக்கும் லேட்டாகும், அப்புறம் நீங்களே வந்து திட்டுவீங்க” என்றார். பெயரைத் தவிர மற்றதை எழுதிக்கொள்ளலாமாம். குறைகளையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன். சிரித்தார்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வைத்தியருக்கு வரலாம்.

நான் திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை, அதாவது புத்தகப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைக்கும் வேலை, செய்கிறவள். பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் காலத்தில் ஆரம்பித்தது, இப்போது இன்டிசைன். மற்றவர்களுக்கு மார்கழி என்றால் கோலம், கச்சேரி, எங்களுக்கு ஒற்றுப்பிழை. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வரவேண்டிய புத்தகமெல்லாம் டிசம்பரில்தான் எங்கள் தலையில் வந்து விழும்.

2025 டிசம்பர் 10, புதன்கிழமை, ராத்திரி பதினொன்றே கால். ஒரு நாவல், 320 பக்கம், அதாவது 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற அச்சகக் கணக்கில் 20 ஃபாரம். இரண்டாம் ப்ரூஃபில் எழுத்தாளர் சிவப்பு மையில் போட்டுக் கொடுத்திருந்த திருத்தங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். 217ஆம் பக்கத்தில் ‘கதவை தட்டினான்’ என்று இருந்தது. ‘த்’ போட வேண்டும். எனக்கொரு பழக்கம், தாளில் டிக் போட்டுவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பேன். டிக் போட்டேன், கை வைத்தேன், கர்சர் அப்படியே நின்றுவிட்டது. கூடவே ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு ‘ர்ர்ர்ர்’ என்று இழுத்தது. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, “என்ன, ரேடியோவா?” என்றார்.

மவுஸ் நகரவில்லை. கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பார்த்தேன், விளக்கு மாறவில்லை. இது ஒரு நல்ல சோதனை. விளக்கு மாறினால் உள்ளே மெஷின் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கலாம். மாறவில்லை என்றால் மொத்தமும் ஹேங். பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

மறுபடி போட்டால், பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. கம்பெனி சின்னம்கூட வரவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டுக் கண் சிமிட்டுகிறது. இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் ஹார்ட் டிஸ்க் செத்துப் பார்த்திருக்கிறேன், கீபோர்டில் காபி கொட்டியும் பார்த்திருக்கிறேன். இப்படிக் கண் சிமிட்டியது இதுதான் முதல் தடவை.

நள்ளிரவில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். சார்ஜர், மவுஸ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்தினேன். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்தால் சில சமயம் எழுந்துகொள்ளும். எழவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்து அடித்துப் பார்த்தேன். பின்விளக்கு மட்டும் போயிருந்தால் படம் மங்கலாகவாவது தெரியும். ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக ஹெச்டிஎம்ஐ கேபிளை எடுத்து ஹாலில் இருந்த டிவியில் சொருகினேன். ‘சிக்னல் இல்லை’. ஆக, கோளாறு திரையில் இல்லை, அதற்கும் முன்னால் எங்கேயோ இருக்கிறது. இவ்வளவுதான் என் எல்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் எடுத்த பேக்கப் பென் டிரைவில் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் வேலை உள்ளேயே மாட்டிக்கொண்டது. அடுத்த புதன்கிழமை ஃபைல் அச்சகத்தில் இருக்க வேண்டும்.

வியாழன் காலை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் கொடுத்தேன். எந்தக் கடை, எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. சாயங்காலம் போனபோது பதில் தயாராக இருந்தது: “போர்டு போச்சு மேடம். பயாஸ் பேட்டரியெல்லாம் கழட்டி மாட்டிப் பார்த்துட்டேன். போர்டு மாத்தணும், 14,500 ஆகும். டேட்டா வேணும்னா அது தனி, 3,500.” போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மை அட்டை. பயாஸ் பேட்டரி என்பது மெஷினின் அடிப்படை அமைப்புகளை நினைவில் வைக்க உதவும் சின்ன பேட்டரி. பார்த்ததற்குக் கூலி 300. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம்பாததற்குக் காரணம் கம்ப்யூட்டர் ஞானம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ராயப்பேட்டையில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தேன். மெஷின் நின்றால் இரண்டு மெக்கானிக்குகள் வருவார்கள். ஒருவர் வந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து “மோட்டார் போச்சு” என்பார். இன்னொருவர் பேப்பர் எப்போது சிக்கியது, நேற்று யார் ஓட்டினார்கள், எந்த ரோலரைக் கடைசியாகக் கழுவினீர்கள் என்று கேட்டுக்கொண்டே மெஷினைச் சுற்றி ஒரு நடை நடப்பார். முதலாமவர் சொன்னபடி மோட்டார் போனதை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரிச்சி தெரு. வாலாஜா சாலை வழியாக நடந்தே போய்விடலாம், ஆனால் பையில் லேப்டாப்போடு அண்ணா சாலையைக் கடக்க மனசு வரவில்லை, ஆட்டோ பிடித்தேன். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோதான் வசதி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்டி எடுத்துக்கொண்டு வந்தால் அதை நிறுத்த இடம் தேடுவதற்கே பாதி நாள் போய்விடும்.

அந்தத் தெருவுக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருமுனையில் கால் வைத்ததுமே, “என்ன மேடம் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா, சார்ஜரா?” என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். பின்னாலேயே நடந்தும் வருவார்கள். அவர்கள் கடைக்காரர்கள் இல்லை, கடைக்கு ஆள் பிடிப்பவர்கள். நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கமெல்லாம் இதே வியாபாரம்தான். கேபிள், ஸ்பீக்கர், சோலார், எல்இடி, பழைய மானிட்டர் அடுக்குகள், நடுவில் மூட்டை ஏற்றிய வண்டி, அதற்கும் நடுவில் டீ தம்ளர்களைக் கம்பித் தட்டில் தூக்கிக்கொண்டு ஓடும் பையன். கீழ்த்தளக் கடைகள் பெரும்பாலும் விற்கிற கடைகள். ரிப்பேர் பார்க்கிறவர்கள் மாடியில் இருப்பார்கள். என் தொழில் நண்பர் ஒருவர் சொல்லியிருந்த அடையாளம்: இரும்புப் படி, படியில் கைப்பிடி கிடையாது, மேலே இடது பக்கம் இரண்டாவது கதவு.

கதவுக்கு உள்ளே எங்கள் வீட்டு பாத்ரூம் அளவுக்கு இடம். ஒரு மேஜை, அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, மைக்ராஸ்கோப், சூடான காற்று ஊதும் கருவி, எண்கள் ஓடும் ஒரு பவர் சப்ளை பெட்டி. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். என் பையைப் பார்த்தார், ஆனால் வாங்கவில்லை. முதல் கேள்வி இது:

“உள்ள இருக்கிற டேட்டா வேணுமா மேடம்?”

அந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். வேண்டும், மூன்று நாள் வேலை உள்ளே இருக்கிறது என்றேன். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ‘டேட்டா முக்கியம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். அப்புறம் வரிசையாகக் கேட்டார். கீழே விழுந்ததா? தண்ணீர், டீ ஏதாவது? ஹேங் ஆனபோது சத்தம் எப்படி இருந்தது? அதற்கு முன்னால் எத்தனை தடவை ஹேங் ஆனது? கடைசியாக உள்ளே என்ன மாற்றினீர்கள்? உங்களுக்கு முன்னால் யார் திறந்தார்கள்?

கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. தீபாவளிக்குப் பையன் புனேயிலிருந்து வந்திருந்தான். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, இனிமேல் இதை வைத்துக்கொள்ளக்கூடாது அம்மா என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தான். கூடவே ஆன்லைனில் 8 ஜிபி ராம் (மெஷினின் தற்காலிக நினைவக அட்டை) ஒன்று வாங்கி, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் அவனே மாட்டினான். தீபாவளிப் பரிசு. அதற்குப் பிறகு நவம்பரில் மூன்று தடவை ஹேங் ஆனது. ஒவ்வொரு தடவையும் நான் விண்டோஸ் 11ஐத்தான் திட்டினேன்.

“புது ராம் போட்டதுக்கு அப்புறமா?” என்று மட்டும் கேட்டு, பத்திரிகையில் ‘ராம்’ என்று எழுதி ஒரு வட்டம் போட்டார்.

பிறகு நடந்ததை நின்றுகொண்டே பார்த்தேன், ஏனென்றால் உட்கார இடமில்லை.

திறப்பதற்கு முன்னால் அந்தப் பவர் சப்ளை பெட்டியில் லேப்டாப்பைச் சொருகி பட்டனை அழுத்தினார். எண்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறி ஓரிடத்தில் நின்றன. “செத்த போர்டுன்னா இது அசையவே அசையாது மேடம். ஷார்ட்டுன்னா ஒரேயடியா எகிறும். இது எழுந்திருக்கப் பார்க்குது, ஏதோ ஒண்ணு கிடைக்காம நிக்குது.” இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. முந்தைய நாள் 300 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பதில் அத்தோடு முடிந்தது.

கீழ் மூடியைக் கழற்றினார். பத்து ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு காந்தத் தட்டில் வைத்தார், ஏனென்றால் நீளம் ஒரே மாதிரி இருக்காதாம், நீளமானதை மாற்றிப் போட்டால் மேல்பக்கத்தைக் குத்திவிடும். முதல் வேலையாக பேட்டரி கேபிளைப் பிடுங்கினார். அப்புறம் இரண்டு ராமையும் எடுத்தார். கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் பச்சை அட்டை, ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பல். பள்ளிக்கூட ரப்பரால் அதைத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். ரப்பரின் தூள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

பழைய ராமை மட்டும் முதல் ஸ்லாட்டில் மாட்டி பட்டனை அழுத்தினார். கறுப்பு. எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “ராம் மாத்தினா முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்பட்டு ஆஃப் பண்ணக்கூடாது.” அரை நிமிடம் போயிருக்கும். கம்பெனி சின்னம் வந்தது.

நான் கும்பிட்டேவிட்டேன். அவர் உடனே அணைத்தார்! எனக்குக் கோபம் வந்தது. அணைத்துவிட்டுப் புது ராமை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டார். கேப்ஸ் லாக் கண் சிமிட்டியது. அதைக் கழற்றி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டார். அங்கேயும் சிமிட்டியது. பழையதை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டார். சின்னம் வந்தது. “இப்போ சொல்லலாம். ரெண்டு ஸ்லாட்டும் நல்லா இருக்கு, போர்டு நல்லா இருக்கு, பழைய ராம் நல்லா இருக்கு. புதுசு போச்சு.” நான்கு முறை கழற்றி மாட்டி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து சொன்ன பதில். முதல் தடவை சின்னம் வந்ததோடு நிறுத்தியிருந்தால், கெட்டது ராமா, ஸ்லாட்டா, வெறும் தூசியா என்று தெரிந்திருக்காது. ஒரு வாரத்தில் மறுபடி படியேறியிருப்பேன்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். மூடியைப் போடாமலே விண்டோஸுக்குள் போகவிட்டார். நீலத் திரை ஒன்று வந்தது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கு மீட்புச் சாவியைப் போடு என்கிறது. 48 இலக்கம்.

அவர் முகம் அப்போதுதான் முதல் தடவையாகச் சுருங்கியது. “முன்னாடி பார்த்தவர் பயாஸ் பேட்டரியைக் கழட்டினாருன்னு சொன்னீங்கல்ல?”

அவர் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். புது விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நிறுவினால், பல மெஷின்களில் அது நம்மைக் கேட்காமலே மொத்த டிஸ்க்கையும் பூட்டிவிடுகிறது. வீட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வைப்பதுபோல, அந்தச் சாவி போர்டில் இருக்கும் ஒரு சிப்பிடம் இருக்கும். தினமும் முகத்தைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடுவார், பூட்டு ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. பயாஸ் பேட்டரியைக் கழற்றியதில் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விட்டன. வாட்ச்மேனுக்கு இப்போது நம் முகம் அடையாளம் தெரியவில்லை, சாவியை நீயே கொண்டுவா என்கிறார். டேட்டாவைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் சொருகினாலும் இதையேதான் கேட்கும். அந்த 3,500 ரூபாய் டேட்டா மீட்பும் இந்தத் திரையில்தான் வந்து முட்டியிருக்கும்.

“சாவி இல்லன்னா?” என்றேன்.

“ஃபார்மேட் பண்ணிப் புதுசா போட்டுக்கலாம். உள்ள இருக்கிறது போனது போனதுதான். என்னால மட்டுமில்ல, யாராலயும் எடுக்க முடியாது. ஆனா சாவி எங்கயாவது இருக்கும். இதுல யார் கணக்கு போட்டிருக்கீங்க?”

பையன் கணக்கு. அவன் மீட்டிங்கில் இருந்தான், மூன்று தடவை கட் செய்தான். நான்காவது தடவை எடுத்து, “அம்மா, யாருக்காவது ஏதாவதா?” என்று பதறினான். விஷயத்தைச் சொன்னதும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தான். இரண்டு சாவிகள் இருந்தன, ஒன்று அவனுடைய சொந்த மெஷினுக்கு. நீலத் திரையில் சாவியின் அடையாள எண் ஒன்றும் காட்டுகிறது. அதன் முதல் எட்டு எழுத்தை நாங்கள் படிக்க, எது என்னுடையது என்று அவன் கண்டுபிடித்தான்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவன் புனே ஆபீஸ் மாடிப்படியில் நின்று படிக்க, நான் திருப்பிச் சொல்ல, கடைக்காரர் அடித்தார். கீழே தெருவில் ஏதோ கடையில் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், கட்டடமே அதிர்ந்தது. அவன் ‘டபுள் த்ரீ’ என்றான், எனக்கு ‘டபுள் ஃப்ரீ’ என்று கேட்டது. கடைசியில் கடைக்காரரே போனை வாங்கி, “தம்பி, தமிழ்ல சொல்லுங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்றார். மூன்று மூன்று, ஏழு, பூஜ்யம் என்று அவன் தமிழில் எண்ணிச் சொன்னதைக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. ஐந்தாவது தொகுதியில் தப்பு வந்து திரை ஏற்க மறுத்தது. இரண்டாவது தடவையில் விண்டோஸ் திறந்தது.

“அக்கா, முதல்ல உங்க ஃபைலைப் பென் டிரைவ்ல எடுத்துக்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். அந்த இடத்தில்தான் மேடம் அக்கா ஆனேன் என்று நினைக்கிறேன். என் வேலை ஃபோல்டரை இரண்டு இடத்தில் காப்பி எடுக்க வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு தொட்டார். இன்டிசைனைத் திறந்தபோது, அணைந்தபோது திறந்திருந்த நாவலை அதுவாகவே மீட்டுத் திறந்தது. கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

மெஷினை அன்று கொடுக்கவில்லை. பழைய ராம் உண்மையிலேயே நல்லதா என்று ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட வேண்டும் என்றார். இந்தச் சோதனை விண்டோஸுக்கு வெளியே, யூஎஸ்பியிலிருந்து ஓடுகிறது. ராமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, திருப்பிப் படித்துப் பார்க்கும். தப்பு இருந்தால் சிவப்பில் காட்டும். மறுநாள் காலை போட்டோ அனுப்பினார், நான்கு சுற்று, பிழை பூஜ்யம். ஃபேனைத் திறந்து தூசியையும் எடுத்திருந்தார். அந்தத் தூசியையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், அது தேவையில்லை. சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருந்ததாம், புதிது வைத்திருக்கிறார். 2020இல் கொரோனா நேரத்தில் வாங்கிய மெஷின், ஒரு தடவைகூடத் திறந்து சுத்தம் செய்ததில்லை.

பில்: பார்த்ததற்குத் தனிக் கூலி இல்லை. சர்வீஸ் 800, தெர்மல் பேஸ்டும் சுத்தமும் 500. மொத்தம் 1,300. புது ராம் ஒன்று போட்டுவிடுங்கள் என்றேன். போட்டிருந்தால் அவருக்கும் நாலு காசு கிடைத்திருக்கும். “இப்போ வாங்காதீங்கக்கா, விலை எங்கயோ போய்க்கிட்டிருக்கு. ஏஐ கம்பெனிங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போறாங்க. தீபாவளிக்கு வாங்கினதுதானே, பில்லை வச்சு வாரன்டில மாத்தச் சொல்லுங்க” என்று செத்த ராமை ஒரு சின்ன பாலித்தீன் உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். பையன் விண்ணப்பம் போட்டிருக்கிறான். அதுவரை 8 ஜிபியில்தான் ஓட்டுகிறேன். இன்டிசைனோடு பிரவுசரையும் திறந்தால் முனகுகிறது, ஆனால் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இப்போது குறைகள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. அந்தப் படியில் மூட்டு வலிக்காரர்கள் ஏற முடியாது, மழை நாளில் யாருமே ஏறக்கூடாது. போனை எடுக்கவே மாட்டார், வாட்ஸப்பில் எழுதினால் இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டைவிரல் ஒன்று வரும். சனிக்கிழமை நான்கு மணிக்கு வரச் சொன்னார், மெஷின் கைக்கு வரும்போது ஏழு. ரசீது கொடுக்கும் வழக்கமே இல்லை. நான் வற்புறுத்திய பிறகு அதே கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டைக் கிழித்து, சீரியல் நம்பரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நீங்கள் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். அடுக்கி வைத்திருந்ததில் என்னுடையதைப் போலவே இன்னும் மூன்று சாம்பல் நிற லேப்டாப்புகள் இருந்தன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, ஒரு பேப்பரில் எழுதி, லேப்டாப் மூடியின் மேலேயே செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுகிறார். படியேறி வருகிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் மெஷினில் இன்னும் வெளிவராத ஆறு புத்தகங்கள் இருக்கின்றன. இது தப்பு தம்பி என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஆனால் நான் கிளம்பும்போது அடுத்தவர் லேப்டாப்பிலும் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. கொடுப்பதற்கு முன் பாஸ்வேர்டைத் தற்காலிகமாக மாற்றிக் கொடுங்கள், வீட்டுக்கு வந்ததும் திருப்பி மாற்றிவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: வாரன்டி இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும், வெளியில் திறக்கவே கூடாது. என்னுடையதற்கு வாரன்டி முடிந்து வருஷக்கணக்காகிறது. டேட்டா போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று அங்கே கையெழுத்து வாங்குவார்கள். அந்த வாரம் அந்தக் கையெழுத்தைப் போடும் நிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருவே மூடியிருக்கும். மற்ற நாளில் பதினோரு மணிக்கு முன்னால் அவர் வருவதில்லை. வந்த முதல் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம், மத்தியானத்துக்கு மேல் போனால் கூட்டத்தில் நிற்க வேண்டும். போகும்போது சார்ஜரையும் எடுத்துப் போங்கள், காலியான பென் டிரைவ் ஒன்றும் கையில் இருக்கட்டும். விண்டோஸ் 11 என்றால், யார் கணக்கில் போட்டிருக்கிறது என்று வீட்டில் கேட்டு, அந்த 48 இலக்கத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், தமிழ்ப் புலவர் மாதிரி எட்டுச் சீராகப் பிரித்து.

ஃபைல் 17ஆம் தேதி அச்சகத்துக்குப் போனது, நாவலும் காட்சிக்கு வந்துவிட்டது. எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். பிரித்ததும் கை நேராக 217க்குப் போனது. மெஷின் திரும்பி வந்ததும் தாளில் கடைசி டிக் எங்கே என்று பார்த்து, அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறேன். மேலிருந்து ஒன்பதாவது வரியில் அவன் இன்னும் ‘கதவை தட்டினான்’ என்றே தட்டிக்கொண்டிருக்கிறான். எழுத்தாளர் இதுவரை போன் செய்யவில்லை.